மல்லாவி நேரம்

சாத்திரி ராசன் பிழை விடமாட்டார் என்று ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் தமிழர்களிடையே ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட முதல் ஆள் ராசன்தான் என்பதை அவரே மறந்துபோகும் அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது. எண்பத்தொன்பதில் இலங்கையில் இருந்து அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் முகாமில் முடங்கிக் கிடந்த நான்கு வருடத்தில், யாரோ விட்டுப்போன பஞ்சாங்கத்தையும் இரண்டு சாத்திரப் புத்தகங்களையும் கரைத்துக் குடித்தவர் அவர். இப்போது வயது அறுபது. பகலில் ஒரு பழைய கோட்டை அருங்காட்சியகத்தில் காவலாளி. கண்ணாடிப் பெட்டிகளில் கை வைக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுவது உத்தியோகம். வேலை முடிந்து சீருடையைக் கழற்றினால் சாத்திரியார்.

சாத்திரியார் என்றாலும் வெறும் சாத்திரியார் இல்லை, சுகன்யாதேவி அக்காவின் சாத்திரியார். அக்காவுக்கு மூன்று பலசரக்குக் கடை, ஒரு கல்யாண மண்டபம், கோயில் நிர்வாகத்தில் தலைமை நாற்காலி. ஊரில் யாருக்கு வாடகை வீடு தேவைப்பட்டாலும், யாருடைய பிள்ளைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்கு இடம் தேவைப்பட்டாலும் அக்காவிடம்தான் போக வேண்டும். அந்த அக்கா ராசனைக் கேட்காமல் ஒரு கடையின் கதவைத் திறந்ததில்லை. பெரிய கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, அக்காவின் மேசைக்கு வலப்பக்கம் ராசனுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அக்காவிடம் காரியம் ஆகவேண்டியவர்கள் முதலில் ராசனுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள். அவரும் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவின் ஒரே மகன் சாருஜன், கிருசாந்தி என்ற பெண்ணை விரும்பினான். முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்ப்பவள். தகப்பன் அங்கே போரில் செத்துப்போனார். இங்கே தாயும் மகளும் மட்டும்தான். அக்கா குதிப்பார், கத்துவார் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க, அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எனக்கு ஒரு மறுப்பும் இல்லை," என்றார். "ராசன் ரெண்டு சாதகக் குறிப்பையும் பார்க்கட்டும். பொருந்தினா நானே தாலிக்குக் குடுக்கிறன்."

கிருசாந்தியின் தாய் மகளின் ஆஸ்பத்திரிக் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வன்னிக்குள் இருக்கிற மல்லாவி ஆஸ்பத்திரி, தொண்ணூற்றெட்டு ஆவணி, பின்னேரம் ஐந்து பத்து. ராசன் மடிக்கணினியில் தேதியையும் நேரத்தையும் ஊரையும் தட்டினார். இலங்கையில் எந்த வருடம் எந்த நேரக் கணக்கு நடப்பில் இருந்தது என்பதெல்லாம் அந்தச் செயலிக்கே தெரியும். தொண்ணூற்றாறில் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, இரண்டாயிரத்தாறில் மறுபடி பின்னுக்கு இழுத்தது எல்லாம் அதற்குப் பாடம். மகர லக்கினம், ஏழாம் வீட்டில் செவ்வாய் என்று அது காட்டியது. சாருஜனுடைய குறிப்பில் செவ்வாய் தோஷம் மருந்துக்கும் கிடையாது.

"ஏழில செவ்வாய். கட்டினவனுக்கு ஆகாது," என்றார் ராசன். கோயில் மண்டபத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நல்ல குரலில் சொன்னார். "கிரகம் சொல்லுது. நான் என்ன செய்யிறது."

சாருஜன் ஒதுங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு கிருசாந்திக்கு லண்டனில் இருந்து ஒரு கல்யாணப் பேச்சும் பான் நகரில் இருந்து ஒரு பேச்சும் வந்தன. இரண்டு வீட்டாரும் ஊருக்குள் விசாரித்தார்கள். ராசன் பார்த்துச் சொன்னது என்றதும் திரும்பிப் போய்விட்டார்கள். இப்போது சாருஜனுக்குப் பாரிஸில் பெண் எடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. முகூர்த்தம் வைத்துக் கொடுத்ததும் ராசன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அருங்காட்சியகத்தில் கூட்டம் இல்லாத நேரம், லாரா ஒரு கடதாசிக் கட்டுடன் வந்தாள். காட்சிப் பொருள்களுக்குக் குறிப்பெழுதுகிற பெண். அந்தக் கோட்டையில் நானூறு வருடத்துக்கு முன்னால் இருந்த அரசவைச் சோதிடரின் அறையைப் புதிதாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பித்தளை வட்டங்கள், கோள் அளக்கிற கருவிகள், மருந்துக் குப்பிகள் எல்லாம் ராசனின் காவலில்தான் இருந்தன. அவர் வெளியில் என்ன செய்கிறவர் என்று அவளுக்குத் தெரியும்.

"ஹெர் ராசன், உங்கள் தொழில்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டார்," என்று சிரித்தாள்.

அவள் காட்டியது ஒரு சாதகக் கட்டத்தின் படம். அந்தக் கோட்டையின் பிரபு கட்டிக்கொள்ள இருந்த இளவரசியின் சாதகம். சோதிடர் அது பிரபுவின் உயிருக்கு ஆகாது என்று எழுதிக் கொடுக்க, பெண்ணைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரா விளக்கினாள். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் இரண்டு நாட்காட்டி ஓடியது. பாப்பரசர் புது நாட்காட்டி கொண்டுவந்தபோது கத்தோலிக்க ஊர்கள் ஏற்றுக்கொண்டன, மற்ற ஊர்கள் நூறு வருடத்துக்கு மேல் மறுத்தன. ஆற்றுக்கு இந்தக் கரையில் பதினான்காம் தேதி என்றால் அந்தக் கரையில் நான்காம் தேதி. பெண் பிறந்தது பழைய நாட்காட்டி ஊரில். இவர் அதைப் புதுத் தேதி என்று எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டார்.

"பத்து நாள் பிழை," என்றாள் லாரா. "பிறகு கண்டுபிடித்திருக்கிறார். ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார், பாருங்கள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை."

ராசனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து ஊரில் என்ன தேதி ஓடுகிறது என்று கேட்கத் தெரியாத மனிதன் என்ன சோதிடன் என்று நினைத்தார். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு நின்றுவிட்டது.

வன்னியில் மணிக்கூட்டை மாற்றவில்லை.

அரசாங்கம் முன்னுக்குத் தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடமெல்லாம் பழைய நேரத்திலேயே இருந்தது. பத்து வருடம் ஒரு தீவுக்குள் இரண்டு நேரம். அவர் அதைப் பத்திரிகையில் படித்திருந்தார், படித்துவிட்டு ஜெர்மனியில் இருந்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டிருந்தார், அவ்வளவுதான். அந்த இரண்டு நேரத்துக்கு நடுவில் அவர் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. மல்லாவி ஆஸ்பத்திரியின் சுவரில் தொங்கிய மணிக்கூடு எந்த நேரம் காட்டியது என்று அவரும் கேட்கவில்லை, செயலியும் கேட்கவில்லை.

"அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று லாராவிடம் கேட்டார்.

"தெரியாது. அவளைப் பற்றி வேறு ஒரு காகிதமும் இல்லை," என்றாள் லாரா.

அன்று வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனார். மனைவி இன்னும் வேலையால் வரவில்லை. சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கிருசாந்தியின் நேரத்தைப் பழைய நேரமாகக் கணக்குப் போட்டார். அரை மணித்தியாலம்தான் வித்தியாசம். லக்கினம் மகரத்தில் இருந்து கும்பத்துக்குப் போய்விட்டது. செவ்வாய் ஏழில் இல்லை, ஆறில். தோஷம் என்று ஒன்று அந்தப் பிள்ளைக்கு இல்லவே இல்லை. சாருஜன் மணிக்கூடு மாற முன்னமே பிறந்தவன், அவன் குறிப்பில் மாற்றம் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் ஆறில்தான்.

அந்த ஒன்றோடு முடியாது என்பது அவருக்கு உடனே விளங்கியது. தொண்ணூற்றாறுக்கும் இரண்டாயிரத்தாறுக்கும் இடையில் வன்னியில் பிறந்து, இங்கே வந்து, அவரிடம் பொருத்தம் பார்த்தவர்கள் எத்தனை பேர். அலுமாரிக்குள் இருந்த குறிப்புகளின் கோப்பை எடுத்து நாற்பத்தொன்று வரை எண்ணினார். நாற்பத்திரண்டாவது கஜீபன், அவருடைய சொந்த மருமகன். புதுக்குடியிருப்பு, தொண்ணூற்றேழு. மகள் சுஜீவாவுக்கு அவரே பார்த்து, அவரே பொருத்தி, அவரே நாள் வைத்துக் கட்டிக்கொடுத்தது. ஒன்பதில் செவ்வாய், ஒரு கரைச்சலும் இல்லை என்று அன்றைக்கு எழுதியிருந்தார்.

கணக்குப் போடாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. லக்கினம் ஒரு வீடு தள்ளியது. செவ்வாய் எட்டில் வந்து குந்தியது. எட்டில் செவ்வாய் இருக்கிறவன் தோஷம் இல்லாத பெண்ணைக் கட்டினால் பெண்ணின் உயிருக்கு ஆகாது என்று முப்பது வருடமாக ஊருக்குச் சொல்லிவந்தவர் அவர். சுஜீவா ஏழு மாதக் கர்ப்பிணி. ராசனுக்குப் பயம் வந்தது. மடிக்கணினியை மூடிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வந்து மூடிய கணினியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மறுநாள் பின்னேரம் அக்காவிடம் போனார். அக்கா பின்னறையில் கல்யாண அழைப்பிதழ்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ராசன் தன் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நேரம் பிழை, கணக்குப் பிழை, கிருசாந்திக்குத் தோஷம் இல்லை, சாருஜனுக்கும் அவளுக்கும் எட்டுப் பொருத்தம் இருக்கிறது.

அக்கா எழுதிய பெயரை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இதுக்கோ இவ்வளவு பதட்டம்? இரும், ராசன்."

"அக்கா, நான் சொன்னது விளங்கிச்சுதோ?"

"விளங்காமல் என்ன. நான் ரெண்டாயிரத்து ரெண்டு வரைக்கும் மல்லாவியிலதானே இருந்தனான். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டேக்கை எல்லாரும் மணிக்கூட்டைத் திருப்புறனாங்கள். நீர் மண்டபத்தில வச்சு மகர லக்கினம் எண்டு வாசிக்கேக்கையே எனக்குத் தெரியும், இந்த மனுசன் புது நேரம் போட்டிட்டார் எண்டு."

ராசன் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே." அக்கா அடுத்த அழைப்பிதழை எடுத்தார். "அவையள் ஆர் எண்டு உமக்குத் தெரியும்தானே. நான் வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா சாருஜன் என்னோட முறிஞ்சிருப்பான். கிரகம் வேண்டாம் எண்டு சொல்லேக்கை அவன் ஆரோட போய் முறியிறது?"

அவையள் என்ன சாதி என்று அக்கா வாயால் சொல்லவில்லை. அந்த அறையில் அதைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இத்தனை வருடமாக அக்கா தன் சொல்லைக் கேட்டு நடக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த ராசனுக்கு, அக்கா தமக்கு வேண்டியதைத்தான் அவர் வாயால் சொல்வித்திருக்கிறார் என்பது அந்த நிமிடத்தில் உறைத்தது.

"நான் சாருஜனிட்டச் சொல்லப்போறன், அக்கா."

"சொல்லும். ஆர் தடுத்தது?" அக்காவின் குரல் அப்போதும் தணிவாகத்தான் இருந்தது. "ஆனா ஒண்டைத் திருத்தினா எல்லாத்தையும் திருத்த வேணும். எங்கட மண்டபத்தில நடந்த கலியாணத்தில பாதி நீர் பார்த்தது. ஒவ்வொரு வீட்டிலயும் போய் இனி என்ன சொல்லப் போறீர்? உம்மட மருமகனும் புதுக்குடியிருப்புத்தானே? எந்த ஆண்டு?"

அக்கா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. "தேத்தண்ணி குடியும்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார்.

இரண்டு நாள் அவர் கடைப் பக்கம் போகவில்லை. சொல்லாமல் விட்டால் ஒரு குறையும் வராது. அவருடைய நாற்காலி இருக்கும், சுஜீவா நிம்மதியாகப் பிள்ளை பெறுவாள், ஊர் ஊராக இருக்கும். ஒரு பெண் மட்டும் தன்னைக் கட்டுகிறவன் சாவான் என்ற பெயருடன் கிழவிகளுக்குக் குளிக்க வார்த்துக்கொண்டு இருப்பாள். அவளுடைய சீவியம் தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அவரை இருக்கவிடவில்லை. நான் தெரிந்து செய்யவில்லை, தெரியாமல் விட்ட பிழை, அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை விளங்கிக்கொள்ளும் என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லி, மூன்றாம் நாள் மத்தியானம் முதியோர் இல்லத்துக்குப் போனார்.

கிருசாந்திக்கு இடைவேளை இருபது நிமிடம். வெள்ளைச் சட்டையுடன் வெளியே வந்து, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த வாங்குப் பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பிடக் கொண்டுவந்த பாண் பொதியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டாள். ராசன் விஷயத்தைச் சொன்னார். மல்லாவி நேரம், அரை மணித்தியாலம், ஆறில் செவ்வாய். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் வரவில்லை.

"எனக்குத் தெரியும், அங்கிள்," என்றாள்.

"எப்பிடி?"

"அம்மாவுக்குத் தெரியாதோ தான் பிள்ளை பெத்த நேரம்? நீங்கள் சொன்ன அண்டைக்கே வீட்டை வந்து சொன்னவ, அது பழைய நேரமெல்லே எண்டு. நான் சாருஜனிட்டச் சொன்னனான். அவர் உங்களுக்கு ஃபோன் எடுத்தவராம்."

"எனக்கோ?"

"ஓம். நேரம் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ எண்டு கேட்டவராம். நீங்கள் ஏசினீங்களாம், முப்பது வருசமாச் சாத்திரம் பாக்கிற எனக்கு நீ நேரம் சொல்லித்தாறியோ எண்டு. பிறகு ஃபோனை வச்சிட்டீங்களாம்."

ராசனுக்கு அது ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை, கடைக்குள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். பையன் "அங்கிள், அந்த நேரம்..." என்று தொடங்கியதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகப் பேசினார். அவன் மிச்சம் என்ன சொல்ல வந்தான் என்று அவர் கேட்கவே இல்லை. தெரியாமல் விட்ட பிழை என்று மூன்று நாளாகச் சேர்த்துக் கட்டிவைத்திருந்த சமாதானம் அப்படியே உதிர்ந்தது. சொல்ல வந்தவனின் வாயை அடைத்தது அவரேதான்.

"நீங்கள் சுகன்யா அக்காவோட சேர்ந்து தெரிஞ்சுதான் செய்தனீங்கள் எண்டு நினைச்சனாங்கள்," என்றாள் கிருசாந்தி. "அதுதான் அம்மா பிறகு வரேல்லை."

"இல்லைப் பிள்ளை. சத்தியமா எனக்குத் தெரியாது." சொல்லும்போதே அந்தச் சொல் அவருக்கே ஒட்டவில்லை. "நான் சாருஜனிட்டக் கதைக்கிறன். இன்னும் மூண்டு கிழமை இருக்கு."

"வேண்டாம். நீங்கள் ஒருக்கா ஏசினதுக்குப் பயந்து விட்டிட்டுப் போன ஆள் எனக்கு என்னத்துக்கு?" அவள் கோபப்படவில்லை, களைத்துப்போன குரலில் சொன்னாள். "எனக்கு உங்களிட்ட ஒண்டுதான் வேணும். எல்லாருக்கும் முன்னால சொன்னீங்கள். எல்லாருக்கும் முன்னால திருப்பிச் சொல்லுங்கோ. ஃபோனில கோயில் குறூப்பில முந்நூறு பேர் இருக்கினம். இப்ப சொல்லுங்கோ."

ராசன் கைபேசியை எடுத்தார். பதிவு செய்கிற பொத்தானை அழுத்திக்கொண்டு சொன்னார். நான் சாத்திரி ராசன் கதைக்கிறன். கிருசாந்தியின் குறிப்பில் நான் விட்டது பிழை. அவளுக்குத் தோஷம் இல்லை. தொண்ணூற்றாறில் இருந்து இரண்டாயிரத்தாறு வரை வன்னியில் பிறந்தவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த எல்லாம் பிழை, பழைய நேரம் போட்டுத் திரும்பப் பார்க்கவேண்டும். எனக்கு ஒருவர் ஃபோனில் சொல்லப் பார்த்தவர், நான் கேட்கவில்லை. அதோடு நிறுத்தி அழுத்திய விரலை எடுக்கப் பார்த்தார். எடுக்கவில்லை. என்ர மருமகனின்ர குறிப்பும் அதுக்குள்ள ஒண்டு, அவருக்கு எட்டில செவ்வாய், என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.

கிருசாந்தி கேட்டுக்கொண்டு இருந்தாள். நன்றி என்று சொல்லவில்லை. நேரத்தைப் பார்த்தாள், பாணைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "அக்காவுக்கு எத்தினை மாசம்?" என்று சுஜீவாவைப் பற்றிக் கேட்டாள். ஏழு என்றார். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

சுஜீவாவும் கஜீபனும் அதே குறூப்பில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அழிக்கலாம் என்று கைபேசியைத் திருப்பினார். அதற்குள் பலர் கேட்டுவிட்டார்கள், கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. மகளுக்கு ஃபோன் எடுக்கலாமா, எடுத்தால் என்ன சொல்வது என்று திகைத்து நிற்கும்போதே அழைப்பு வந்தது. கஜீபன்.

"மாமா, கேட்டனான்," என்றான். சத்தத்தைத் தாழ்த்திப் பேசினான். "சுஜீவா படுத்திருக்கிறா. இன்னும் கேக்கேல்லை."

"தம்பி..."

"எட்டில செவ்வாய் எண்டா அவவுக்குத்தானே கூடாது? உங்கட வீட்டில சொல்லக் கேட்டிருக்கிறன்." அவன் மூச்சு விடுவது கேட்டது. "நான் இப்பவே ஒரு பையை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டை போறன். பிள்ளை பிறக்கும் மட்டும் நான் தள்ளி இருந்தா அவவுக்கு ஒண்டும் ஆகாதோ, மாமா? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்யிறன்."

முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் அவரிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் அவர் பதில் சொல்லத் தயங்கியதில்லை.

"ஓரிடமும் போகாதேங்கோ தம்பி," என்றார். "அவவுக்குப் பக்கத்தில இருங்கோ."

"அப்ப ஒண்டும் ஆகாதோ?"

"எனக்குத் தெரியாது," என்றார் ராசன். "பக்கத்தில இருங்கோ. நான் வாறன்."

சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பக்கத்தில் இருக்கச் சொன்னது சரி என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் சுஜீவாவை நினைக்க நெஞ்சு பதறிக்கொண்டே இருந்தது. மகள் வீடு போய்ச் சேரும் வரைக்கும் அது நிற்கவில்லை.